மேட்டில் டீசல் வராமல் நின்றுவிடும் பழைய லாரி: பம்பை இறக்கலாமா?

பத்துச்சக்கரம் | திங்கள், இரவு 9:40

எல்லோருக்கும் வணக்கம். எங்களுடையது 1999 மாடல் பத்துச் சக்கர லாரி. ஆறு சிலிண்டர் டர்போ என்ஜின், இன்ஜெக்டர்களுக்கு டீசலை அழுத்தித் தரும் இன்லைன் பம்ப், கம்ப்யூட்டர் எதுவும் இல்லாத பழைய அமைப்பு. அப்பா வாங்கிய வண்டி. மூன்று ஆண்டுகளாக நான் ஓட்டுகிறேன்.

ஒரு மாதமாகப் பெரும் தொல்லை. சேலத்திலிருந்து லோடு ஏற்றிக்கொண்டு தருமபுரி பக்கம் போகும்போது, தொப்பூர் கணவாயில் மேடு தொடங்கியதும் இழுவை குறைகிறது. ஆக்சிலேட்டரை முழுதாக மிதித்தாலும் ரேஸ் ஏறுவதில்லை. கொஞ்ச தூரத்தில் என்ஜின் இரண்டு முறை துள்ளிவிட்டு நின்றுவிடுகிறது. இறங்கி, கையால் டீசல் ஏற்றும் ஹேண்ட் பிரைமரை முப்பது நாற்பது முறை அடித்து, ஃபில்டரில் சிக்கிய காற்றை வெளியேற்றினால் (ஏர் எடுத்தால்) மறுபடி ஸ்டார்ட் ஆகிறது. ஐந்து கிலோமீட்டர் போனதும் அதே கதை. சமவெளியில் பெரும்பாலும் ஒழுங்காக ஓடுகிறது. காலையில் மட்டும் செல்ஃப் நெடுநேரம் சுற்றிய பிறகுதான் பிடிக்கிறது, அப்போது வெள்ளைப் புகை வருகிறது.

ஃபில்டர் இரண்டையும் இரண்டு முறை மாற்றியாகிவிட்டது. டேங்கிலிருந்து டீசலை இழுத்துத் தரும் ஃபீட் பம்புக்குப் புது வாஷர் கிட் போட்டோம். இப்போது மெக்கானிக், “பம்பில் எலிமென்ட் (டீசலை அழுத்தும் உட்பாகம்) தேய்ந்துவிட்டது, இறக்கிவிடலாம், அரை லட்சம் வரை ஆகும்” என்கிறார். லோடு இல்லாமல் வண்டியை ஒரு வாரம் நிறுத்துவதே எங்களுக்குச் சுமை. பம்பை இறக்குவதற்கு முன் வேறு ஏதாவது பார்க்க வேண்டுமா?

சங்ககிரியான் | திங்கள், இரவு 10:15

தம்பி, எனக்கும் இதே போல் நடந்தது. பம்பில் முழு டீசலுக்கான ஸ்குரூவைக் கொஞ்சம் திருப்பிவிட்டால் மேட்டில் நன்றாக இழுக்கும். அரை மணி நேர வேலை. பம்பை இறக்க வேண்டாம்.

பம்ப்பட்டறை | செவ்வாய், காலை 6:20

ஸ்குரூவைத் தொடாதீர்கள் தம்பி. சங்ககிரியார் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார், ஆனால் இந்த வண்டிக்கு அது பொருந்தாது. டீசல் கூடுதலாக வேண்டும் என்று கேட்கிற வண்டி நிற்காது, கரும்புகையைக் கக்கிக்கொண்டாவது ஏறும். உங்கள் வண்டிக்கு டீசலே வந்து சேரவில்லை. வராத டீசலை ஸ்குரூவால் கூட்ட முடியாது. நாளை கோளாறு சரியான பிறகு அந்த ஸ்குரூ திருப்பியபடியே இருந்தால், சைலன்சர் பக்கம் சூடு ஏறி டர்போவும் பிஸ்டனும் பாழாகும்.

முப்பது ஆண்டுகளாகப் பம்ப் வேலை பார்க்கிறேன். என் மேசைக்கு வரும் பம்புகளில் ஒரு பகுதி, குற்றமே செய்யாமல் கழற்றிக் கொண்டுவரப்பட்டவை. வண்டி நின்றதும் முதலில் பம்பின் மேல்தான் சந்தேகம் விழுகிறது. விலை உயர்ந்த பொருள் அல்லவா! எனக்கு அதில் வருமானம் உண்டு, இருந்தாலும் சொல்கிறேன்: டேங்கிலிருந்து தொடங்கிப் பம்பை நோக்கி வாருங்கள். பம்பிலிருந்து டேங்கை நோக்கிப் போகாதீர்கள்.

இந்த நான்கு கேள்விக்கும் விடை வேண்டும்.

நின்ற ஒவ்வொரு முறையும் டேங்கில் டீசல் எவ்வளவு இருந்தது? இழுவை குறையும்போது சைலன்சரில் என்ன புகை? பிரைமரை அடிக்கும்போது பிடி எப்படி இருக்கிறது: மேலே இழுக்கும்போது கனமாக இருக்கிறதா, அல்லது லேசாக வந்து, அழுத்தும்போதும் இறுகாமல் போகிறதா? நின்றதும் டேங்க் மூடியைத் திறந்தால் ‘உஸ்’ என்று காற்று உள்ளே போகும் சத்தம் கேட்கிறதா (டேங்கின் காற்றுத் துளை அடைத்திருந்தால் கேட்கும்)?

பத்துச்சக்கரம் | செவ்வாய், காலை 7:05

ஐயா, மிக்க நன்றி. இழுவை குறையும்போது புகையே வருவதில்லை. நானே அதைக் கண்டு வியந்திருக்கிறேன். மூடியைத் திறந்து பார்த்ததில்லை. பிரைமர் லேசாகத்தான் வருகிறது, நெடுநேரம் அடித்த பிறகே இறுகுகிறது. ஏர் எடுக்கும் ஸ்குரூவைத் தளர்த்தினால் சோப்பு நுரை போல வெள்ளையாக வரும், பிறகுதான் டீசல் தெளிவாக ஓடும். டீசல் அளவை நான் குறித்து வைக்கவில்லை. யோசித்துப் பார்க்கிறேன்.

பம்ப்பட்டறை | செவ்வாய், காலை 7:30

சரி, பாதி விடை கிடைத்துவிட்டது.

புகையே இல்லாமல் இழுவை குறைந்தால் என்ஜின் பட்டினி கிடக்கிறது என்று பொருள். பிரைமரை மேலே இழுக்கும்போது கனமாக இருந்தால் டேங்கிலிருந்து வரும் வழியில் அடைப்பு. லேசாக வந்து, இறுகாமல் போனால் வழியில் எங்கோ காற்று உள்ளே வருகிறது. உங்களுக்கு இரண்டாவது. நுரையும் அதைத்தான் சொல்கிறது.

இனிமேல் கவனமாகப் படியுங்கள், பலரும் இடறும் இடம் இதுதான். ஃபீட் பம்ப்தான் எல்லை. அதற்கு அப்புறம், ஃபில்டர் வழியாகப் பம்ப் வரை, டீசல் தள்ளப்படுகிறது. அங்கே ஒரு வாஷர் பழுது என்றால் டீசல் வெளியே கசியும். ஈரம் தெரியும், புழுதி ஒட்டிக் கறுத்திருக்கும், கண்ணால் கண்டுபிடித்துவிடலாம். ஃபீட் பம்புக்கு முன்னால், டேங்கிலிருந்து வரும் வழியில், டீசல் உறிஞ்சப்படுகிறது. அங்கே ஓட்டை இருந்தால் வண்டி ஓடும்போது ஒரு துளிகூட வெளியே வராது. வெளியிலிருந்து காற்று உள்ளே போகும். குழாய் காய்ந்து சுத்தமாக இருக்கும். “எங்கும் கசிவு இல்லையே” என்று மெக்கானிக் சொல்வது உண்மைதான். அதனாலேயே அவர் பம்பைச் சந்தேகிக்கிறார்.

ஐடிஐ_ஆசிரியர் | செவ்வாய், மாலை 5:50

பம்ப்பட்டறை ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். என் மாணவர்களுக்கு இதைக் காட்டும்போது, ஃபீட் பம்பின் நுழைவாயிலுக்குச் சற்று முன்னால் ஒரு சாண் நீளத்துக்குக் கண்ணாடி போன்ற தெளிவான ஹோஸைப் போடச் சொல்வேன். என்ஜினை ஓடவிட்டுப் பார்த்தால் போதும். நல்ல வண்டியில் ஹோஸ் காலியாக இருப்பது போலவே தோன்றும், அவ்வளவு தெளிவாக டீசல் நிறைந்து ஓடும். காற்று வரும் வண்டியில் கடுகு கடுகாகக் குமிழிகள் ஓடும். ரேஸ் கூட்டினால் குமிழிகள் ஒன்று சேர்ந்து நீண்ட வெற்றிடமாகத் தெரியும். ஒருமுறை பார்த்தால் மறக்காது. சோதனை முடிந்ததும் அந்த ஹோஸைக் கழற்றிவிட வேண்டும். சூட்டில் அது கெட்டிப்பட்டுப் பிளந்துவிடும்.

இன்னொரு சோதனை கேன் சோதனை. பத்து லிட்டர் கேனில் சுத்தமான டீசல் ஊற்றி, கேபினுக்குப் பின்னால் சைலன்சரிலிருந்து விலகி இறுகக் கட்டுங்கள். டேங்கிலிருந்து வரும் குழாயைக் கழற்றி அடைத்துவிட்டு, கேனிலிருந்து புதிய ஹோஸ் வழியாக ஃபீட் பம்புக்குக் கொடுங்கள். மீதி டீசல் திரும்பி வரும் ரிட்டர்ன் குழாயையும் கேனுக்குள் விடுங்கள், இல்லாவிட்டால் கேன் விரைவில் காலியாகும். பட்டறை வாசலில் சும்மா ஓடவிட்டுப் பார்ப்பதில் பயனில்லை. மேட்டில் லோடோடு பார்க்க வேண்டும். கேனிலிருந்து ஓடும்போது வண்டி நிற்காமல் ஏறினால், ஃபீட் பம்பும் ஃபில்டரும் பெரிய பம்பும் குற்றமற்றவை. பழுது டேங்குக்கும் ஃபீட் பம்புக்கும் இடையில்.

காவிரிக்கரை | செவ்வாய், இரவு 8:10

இதெல்லாம் சரி, ஆனால் உண்மையான காரணத்தை யாரும் சொல்லவில்லையே. மாசைக் குறைக்கும் பிஎஸ் 6 தர டீசல் வந்த பிறகுதான் பழைய வண்டிகளில் பம்ப் போகிறது. கந்தகத்தை எடுத்துவிட்டார்கள், டீசலில் வழுவழுப்பே இல்லை. எலிமென்ட் தேயாமல் என்ன செய்யும்? நான் டேங்குக்கு ஒரு லிட்டர் டூ-ஸ்ட்ரோக் ஆயில் கலந்துதான் ஓட்டுகிறேன்.

ஐடிஐ_ஆசிரியர் | செவ்வாய், இரவு 9:25

பாதி உண்மை, பாதி தவறு. 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் பிஎஸ் 6 டீசல்தான். கந்தகம் பத்து லட்சத்தில் 50 பங்கு என்பதிலிருந்து 10 பங்காகக் குறைந்தது. ஆனால் டீசலுக்கு மசகுத் தன்மை தருவது கந்தகம் அல்ல. கந்தகத்தை நீக்கும் அதே சுத்திகரிப்பில் வேறு சில சேர்மங்களும் போய்விடுகின்றன, அவைதான் உலோகத்தின் மேல் படலமாக ஒட்டி நின்றவை. அந்த இழப்பை ஈடுசெய்யச் சேர்க்கைப் பொருள் கலக்கிறார்கள். சோதனைக் கருவியில் உருவாகும் தேய்மானத் தழும்பு 460 மைக்ரானுக்கு மேல் போகக் கூடாது என்று தர வரையறையே இருக்கிறது. ஆகவே, ஒழுங்கான டீசலால் எலிமென்ட் தேயாது. மண்ணெண்ணெய் கலந்த டீசலால் கட்டாயம் தேயும்.

உண்மையான பாதி எது என்றால் ரப்பர். இருபது ஆண்டுகளாகப் பழைய டீசலில் ஊறி உப்பிய ஓ-ரிங்குகள் (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையங்கள்), டீசலின் சேர்மானம் மாறியதும் சுருங்குகின்றன. சுருங்கினால் கசியும். அமெரிக்காவில் 1993-இல் கந்தகம் குறைத்த டீசல் வந்தபோதும் பழைய பம்புகளில் இது நடந்தது. பிரைமரின் அடியில் இருக்கும் ரிங், டீசலிலிருந்து தண்ணீரைப் பிரிக்கும் வாட்டர் செபரேட்டர் கிண்ணத்தின் ரிங், இவற்றை டீசலைத் தாங்கும் விட்டான் ரப்பரில் மாற்றிவிடுவது நல்லது. பத்துச்சக்கரம் தம்பி, இவை இரண்டும் உறிஞ்சும் பக்கத்தில் உள்ளவை, உங்கள் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

காவிரிக்கரை | செவ்வாய், இரவு 9:50

ரப்பர் விஷயம் எனக்குப் புதிது. போன மாதம் என் பிரைமர் கசிந்ததற்கு அதுதான் காரணமாக இருக்கும். ஆயில் கலப்பதை நிறுத்திப் பார்க்கிறேன்.

பத்துச்சக்கரம் | வியாழன், இரவு 8:30

ஆசிரியர் ஐயா சொன்ன இரண்டு சோதனையும் செய்தேன்.

தெளிவான ஹோஸில் சமவெளியில் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் குமிழி. கேன் சோதனைக்கு இன்று 14 டன் லோடோடு தொப்பூர் ஏறினேன். பக்கத்தில் கிளீனர் தம்பி கேனையே பார்த்துக்கொண்டு வந்தான். வண்டி ஒரு முறைகூடத் துள்ளவில்லை! மேலே போய் நிறுத்தியபோது எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. ஒரு மாதமாக ஒவ்வொரு மேட்டிலும் பின்னால் வரும் வண்டிகளுக்கு வழிவிட முடியாமல், கல் வைத்துச் சக்கரத்தை முட்டுக்கொடுத்து, பிரைமர் அடித்த கை இது.

டீசல் அளவையும் பில் புத்தகத்தை வைத்துக் கணக்குப் பார்த்தேன். நின்ற நாட்கள் எல்லாமே அரை டேங்குக்குக் கீழே. டேங்கை நிரப்பிக்கொண்டு போன இரண்டு நடையில் நிற்கவே இல்லை. இதை இவ்வளவு நாள் நான் கவனிக்கவில்லை. டேங்க் மூடியில் ‘உஸ்’ சத்தம் இல்லை.

பம்ப்பட்டறை | வியாழன், இரவு 9:00

தம்பி, பழுது எங்கே என்று உங்கள் பில் புத்தகமே சொல்லிவிட்டது.

சேசிஸ் ஓரமாக வரும் குழாயிலோ ஹோஸிலோ ஓட்டை இருந்தால் டேங்க் நிறைந்திருந்தாலும் காற்று வரும். நிறைந்தால் சரி, குறைந்தால் தொல்லை என்றால், ஓட்டை டேங்குக்கு உள்ளேதான். டேங்கின் மேலிருந்து அடிவரை இறங்கும் உறிஞ்சு குழாயில் நடுவே எங்கோ விரிசல் இருக்கும். டீசல் அதற்கு மேலே நிற்கும்வரை விரிசலும் டீசலைத்தான் உறிஞ்சும், யாருக்கும் தெரியாது. டீசல் கீழே இறங்கியதும் காற்றை உறிஞ்சும். ஸ்ட்ராவில் ஓட்டை விழுந்தால் இளநீர் வராததைப் போல.

மேட்டில் மட்டும் ஏன் என்பதற்கும் விடை அதிலேயே இருக்கிறது. உறிஞ்சு குழாய் டேங்கின் முன்பக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். மேடு ஏறும்போது டீசல் பின்பக்கம் சாய்ந்துவிடும், முன்பக்கத்தில் மட்டம் இறங்கும், சமவெளியில் மூழ்கியிருந்த விரிசல் வெளியே வந்துவிடும். மேட்டில் என்ஜினுக்கு டீசல் தேவையும் கூடுதல். இரவு முழுக்க வண்டி நின்றால் அதே விரிசல் வழியாகக் காற்று புகுந்து, குழாயில் இருக்கும் டீசல் டேங்குக்கே திரும்பிவிடும். காலையில் செல்ஃப் நெடுநேரம் சுற்றுவது அதனால்தான்.

குழாயை வெளியே எடுத்துப் பாருங்கள். ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்: டேங்கில் வைத்தபடி எந்தப் பற்றவைப்பும் செய்ய விடாதீர்கள். காலி டேங்க்தான் நிறைந்த டேங்கைவிட ஆபத்து, உள்ளே ஆவி நிற்கும்.

ஓய்வுபெற்ற_ஓட்டுநர் | வெள்ளி, காலை 5:45

வெள்ளைப் புகையைப் பற்றி யாரும் பேசவில்லை. காலையில் வெள்ளைப் புகையோடு என்ஜின் ஒரு சிலிண்டர் விட்டு ஓடுகிறதா? சூடானதும் சரியாகிவிடுகிறதா? அப்படியென்றால் ஒரு நாசிலையும் (இன்ஜெக்டர் நுனியில் டீசலைத் தெளிக்கும் பாகம்) பார்க்க வேண்டியிருக்கும். ஐடிலிங்கில் ஓடவிட்டு ஒவ்வொரு இன்ஜெக்டர் குழாயின் நட்டையும் பம்ப் பக்கம் தளர்த்துங்கள். நல்ல சிலிண்டரைத் தளர்த்தினால் என்ஜின் சத்தம் மாறும், தடுமாறும். பழுதான சிலிண்டரைத் தளர்த்தினால் எந்த மாற்றமும் இருக்காது.

பம்ப்பட்டறை | வெள்ளி, காலை 6:10

சரியான யோசனை அண்ணா. ஆனால் இதைப் படிக்கிற மற்றவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. பழைய இன்லைன் பம்ப் வண்டிக்கு மட்டுமே இந்த முறை. கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் ஓடும் காமன் ரெயில் வண்டியில் எந்த நட்டையும் ஓடும்போது தொடவே கூடாது, அங்கே அழுத்தம் ஆயிரம் பாரைத் தாண்டும். பழைய வண்டியிலும் கால் சுற்றுக்கு மேல் தளர்த்தாதீர்கள், நட்டின் மேல் கனமான துணியைப் போடுங்கள், கண்ணாடி அணியுங்கள், கையை நேராகக் காட்டாதீர்கள்.

என்னிடம் வேலை கற்றுக்கொண்ட ஒரு பையன், நாசில் டெஸ்டரில் தெளிக்கும் டீசலுக்கு முன்னால் விரலை நீட்டிவிட்டான். ஊசி குத்தியதைப் போல ஒரு புள்ளி, இரத்தம்கூட வரவில்லை. வலியே இல்லை என்றான். இரவுக்குள் கை வீங்கிவிட்டது. அறுவை சிகிச்சை செய்து உள்ளே போன டீசலைச் சுத்தம் செய்தார்கள். விரல் பிழைத்தது. டீசல் தோலுக்குள் போனால் வலி வரும்வரை காத்திருக்கக் கூடாது, உடனே மருத்துவமனைக்குப் போய், “அழுத்தத்தில் டீசல் உள்ளே போய்விட்டது” என்று அந்தச் சொற்களாலேயே சொல்ல வேண்டும். சிறு காயம் என்று மருந்து போட்டு அனுப்பிவிடக் கூடாது.

பத்துச்சக்கரம் | ஞாயிறு, மாலை 6:30

கண்டுபிடித்துவிட்டோம்.

டேங்கின் மேல் மூடியைக் கழற்றி உறிஞ்சு குழாயை வெளியே எடுத்தோம். பார்வைக்கு எந்தக் குறையும் இல்லை. மெக்கானிக் அண்ணன், “நன்றாகத்தானே இருக்கிறது” என்றார். ஒரு முனையைக் கட்டைவிரலால் அடைத்து, தண்ணீர் வாளியில் முழுக்கி, மறுமுனையில் ஊதச் சொன்னேன். குழாயின் நடுவில், அதைத் தாங்கும் பட்டைக்கு ஒட்டினாற்போல், தலைமுடி அளவு விரிசலிலிருந்து குமிழிகள் வரிசையாகக் கிளம்பின. இத்தனை ஆண்டு அதிர்வில் பட்டை உராய்ந்து உராய்ந்து அந்த இடம் தேய்ந்து வெடித்திருக்கிறது. குழாய் டேங்கின் முன்பக்கத்தில்தான் இருக்கிறது, ஐயா சொன்னபடியே.

பற்றவைக்கவில்லை. அதே அளவில் புதுக் குழாய் போட்டோம். முனை, டேங்கின் அடியிலிருந்து பழைய குழாய் எவ்வளவு உயரத்தில் இருந்ததோ அதே உயரத்தில். பிரைமர் ரிங்கும் கிண்ணத்தின் ரிங்கும் மாற்றினோம். டேங்கின் அடியிலிருந்து இரண்டு லிட்டர் அளவுக்குத் தண்ணீரும் கறுப்புச் சேறும் வந்தது, அதையும் சுத்தம் செய்தோம். எல்லாம் சேர்த்துச் செலவு இரண்டாயிரம் ரூபாய்க்குள்.

ஓட்டுநர் ஐயா சொன்னபடி நட்டுகளைத் தளர்த்திப் பார்த்ததில் நான்காவது சிலிண்டரில் மட்டும் எந்த மாற்றமும் இல்லை. அந்த இன்ஜெக்டரை டெஸ்டரில் வைத்தோம். கையேட்டில் போட்டிருக்கும் அழுத்தத்துக்கு முப்பது பார் குறைவாகவே திறந்தது. தெளித்து முடித்த பிறகும் நுனியில் ஒரு துளி தொங்கியது. நாசில் மாற்றியாகிவிட்டது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இன்ஜெக்டர் உட்காரும் துளைக்குள் டார்ச் அடித்துப் பார்த்தபோது, அடியில் ஒரு செப்பு வாஷர் கரி பிடித்து ஒட்டிக்கிடந்தது. எடுத்த இன்ஜெக்டரிலும் ஒரு வாஷர் இருந்தது. முன்பு எப்போதோ பழையதை எடுக்காமல் அதன் மேலேயே புதியதைப் போட்டிருக்கிறார்கள். எனக்கு இது கோளாறா என்று தெரியவில்லை, எதற்கும் பழையதை நெம்பி எடுத்துவிட்டேன்.

ஐடிஐ_ஆசிரியர் | ஞாயிறு, மாலை 7:15

கோளாறுதான், எடுத்தது மிகச் சரி. இரண்டு வாஷர் இருந்தால் நாசில் நுனி ஒரு வாஷர் கனத்துக்கு மேலே ஏறி நிற்கும். பிஸ்டன் தலையில் குடைந்திருக்கும் கிண்ணத்துக்குள் விழ வேண்டிய தெளிப்பு அதன் விளிம்பில் அடிக்கும். குளிர்ந்த என்ஜினில் அது எரியாமல் ஆவியாகி வெளியே வருவதுதான் நீங்கள் பார்த்த வெள்ளைப் புகை. மற்ற ஐந்து துளைகளிலும் டார்ச் அடித்துப் பாருங்கள். ஒருவரே எல்லாவற்றையும் மாட்டியிருந்தால் வேறொன்றிலும் விட்டிருக்கலாம்.

பத்துச்சக்கரம் | புதன், இரவு 10:05

பார்த்தோம் ஐயா. ஆறாவதிலும் இருந்தது, எடுத்தாகிவிட்டது. காலையில் இப்போது செல்ஃப் இரண்டு சுற்றுக்குள் பிடிக்கிறது. புகை ஒரு நொடி வந்து மறைகிறது.

இன்று வேண்டுமென்றே கால் டேங்க் டீசலோடு, முழு லோடோடு தொப்பூர் ஏறினேன். நிற்கவில்லை. அப்பா பக்கத்தில் உட்கார்ந்து வந்தார். ஆறு ஆண்டுக்குப் பிறகு இந்த வண்டியில் அவர் மேடு ஏறுவது இன்றுதான்.

பம்ப்பட்டறை | புதன், இரவு 10:20

மகிழ்ச்சி தம்பி. அப்பாவைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

டேங்கைக் கலக்கியிருக்கிறீர்கள், ஆகவே ஒட்டியிருந்த துருவும் சேறும் கிளம்பி வரும். இப்போது போட்டிருக்கும் ஃபில்டரை வழக்கமான கிலோமீட்டர் வரை விடாமல், இன்னும் நான்கைந்து நடை போனதும் முதல் ஃபில்டரை வெட்டிப் பாருங்கள். உள்ளே கறுப்பாக இருந்தால் இரண்டையும் மாற்றிவிடுங்கள். செபரேட்டர் கிண்ணத்தை ஒரு மாதத்துக்குத் தினமும் காலையில் வண்டி எடுப்பதற்கு முன் திறந்து வடித்துவிடுங்கள். வடித்ததும் பிரைமரை ஒரு முறை இறுகும்வரை அடித்துக்கொள்ளுங்கள்.